கூரைக்குள் வந்த கொத்தனார்

சிங்கப்பூரின் கிளெமென்டி பகுதியில் 'கிளெமென்ட் கேனபி' என்று இரண்டு கோபுரக் குடியிருப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 40 மாடி, சுமார் 140 மீட்டர் உயரம். 2019-இல் வேலை முடிந்தது. மொத்தம் 505 வீடுகள். ஆனால் அந்த மனையிலேயே கட்டப்பட்டவை என்று சொன்னால் அஸ்திவாரம், கீழ்த்தளங்கள் போன்ற சிலதான். மற்றவை எல்லாம் 1,866 கான்கிரீட் பெட்டிகள். அந்தப் பெட்டிகளை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாய் என்ற ஊரில் வார்த்தார்கள். பிறகு பாலம் கடந்து சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்து தரை ஓடு, சன்னல், குழாய், மின்கம்பி, பெயின்ட் என்று எல்லாவற்றையும் முடித்தார்கள். கடைசியில் லாரியில் ஏற்றிவந்து, டிபன் கேரியர் அடுக்குகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

சிங்கப்பூருக்கு இது புதுப் பழக்கமில்லை. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1980-களிலேயே சுவர், தளம், படிக்கட்டு போன்றவற்றை ஆலையில் வார்த்துக் கொண்டுவரத் தொடங்கிவிட்டது. 2014 நவம்பர் முதல், அரசு விற்கும் சில மனைகளில் அறையை முழுதாகவே ஆலையில் முடித்துக் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். இதே முறையில் பின்னர் எழுந்த 'அவென்யூ சவுத் ரெசிடென்ஸ்' 56 மாடி. காரணத்தை அரசு ஒளிக்கவில்லை. சிங்கப்பூரில் கட்டட வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் போனவர்கள். அவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வேலை வேகமாக நடக்க வேண்டும். ஆலைக் கட்டுமானத்தைப் பற்றிய விளம்பரங்களில் நாள் மிச்சம், ஆள் மிச்சம், குப்பை மிச்சம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். தொழிலாளிக்கு ஒதுக்கப்படுவது ஒரு வரி: 'வேலை பாதுகாப்பானது.'

அந்த ஒரு வரியை உடலியலையும் இயற்பியலையும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அதில் கணிசமான உண்மை இருக்கிறது. விடுபட்டவையும் இருக்கின்றன.

முதலில் உயரம். கட்டடத் தொழிலில் உயிர்ப்பலி வாங்கும் காரணங்களைப் பட்டியலிட்டால், பெரும்பாலான நாடுகளில் 'உயரத்திலிருந்து விழுதல்' தலைப்பக்கம்தான் நிற்கும். மூன்றாம் மாடிச் சாரத்தில் நிற்பவர் தரையிலிருந்து சுமார் 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறார். கால் தவறினால் தரையைத் தொட 1.4 நொடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். அந்த 1.4 நொடியில் மனிதனால் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஒரு பிடிமானத்தைக் கண்ணால் கண்டு, மூளை முடிவெடுத்து, கை நீள்வதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். ஆகவே விழுந்தபின் காப்பாற்றுவதைவிட, விழக்கூடிய இடத்தில் ஆளை நிறுத்தாமல் இருப்பதே வழி. பாதுகாப்புத் துறையில் எப்போதும் சொல்லப்படும் படிநிலை இது: ஆபத்தையே நீக்கு; முடியாவிட்டால் மட்டும் பெல்ட்டும் தலைக்கவசமும் கொடு. நம் ஊரில் பெரும்பாலும் பெல்ட்டிலிருந்துதான் தொடங்குகிறோம், அதுவும் ஆய்வாளர் வரும் நாளில்.

ஆலைக் கட்டுமானத்தின் பெரிய வெற்றி இங்கேதான். நாற்பதாவது மாடி வீட்டின் வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை செய்பவர் ஆலையின் தரையில் நின்றுகொண்டு அதைச் செய்கிறார். சாரம் கட்டுவதும் பிரிப்பதும் இல்லை. சென்ட்ரிங் பலகை அடிப்பது, முட்டுக் கொடுப்பது, அவற்றைக் கழற்றுவது என்று விபத்துக்குப் பேர்போன வேலைகள் பெருமளவு மறைகின்றன. ஒரு மனிதர் ஆண்டு முழுவதும் உயரத்தில் கழிக்கும் மணிநேரம் குறைந்தால், விழும் வாய்ப்பும் அதே அளவில் குறையும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது வெயில். இங்கே கதை அவ்வளவு நேராக இல்லை.

உடல் உழைப்பில் தசைகள் எரிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி நான்கு பங்கும் வெப்பம். கம்பி தூக்குபவரின் உடலுக்குள் சில நூறு வாட் அடுப்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது. உட்புற வெப்பம் 37 டிகிரிக்கு அருகே நிற்க வேண்டும் என்றால் அந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். சுற்றுப்புறமும் சூடாக இருக்கும்போது வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது, நீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகும்.

இதை அளக்க உலகெங்கும் பயன்படும் குறியீடு ஒன்று உண்டு. வெட்டவெளியில் மூன்று வெப்பமானிகளின் அளவை ஒரு விகிதத்தில் கூட்டுவார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு, கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 விழுக்காடு, நிழலில் இருக்கும் சாதாரண வெப்பமானிக்கு 10 விழுக்காடு. கறுப்புக் கோளம் அளப்பது வெயிலின் கதிர்வீச்சை. கூரை போட்டால் முக்கியமாகக் குறைவது அந்த 20 விழுக்காட்டுப் பகுதிதான். பெரும்பங்கு வகிக்கும் ஈரப்பதமும் காற்றோட்டமும் கூரையால் தீர்வதில்லை. தகரக் கூரை என்றால் நண்பகலில் அதுவே கீழ்நோக்கி வெப்பத்தைக் கக்கும். இன்னொன்றும் இருக்கிறது. வார்த்த கான்கிரீட் சீக்கிரம் இறுகி அச்சிலிருந்து கழன்றால்தான் அடுத்த வார்ப்புக்கு அச்சு காலியாகும். அதற்காகப் பல ஆலைகளில் வார்ப்புகளை நீராவியால் சூடேற்றுவார்கள். வெப்பமும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து கூடத்துக்குள் வருவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு தேவையில்லை. அகலமான மேற்கூரைத் திறப்புகளும் பெரிய விசிறிகளும் நீராவி அறைக்குத் தனித் தடுப்பும் இல்லாத ஆலை, வெயிலை வெளியே நிறுத்திவிட்டுப் புழுக்கத்தை உள்ளே அழைத்துக்கொள்கிறது.

சிங்கப்பூர் 2023 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. மேற்சொன்ன குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். நல்ல விதி. ஆனால் அது வெட்டவெளி வேலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வேலை கூரைக்குள் போகும்போது விதியும் உள்ளே போக வேண்டும். தமிழ்நாட்டில் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு உப்பளம், செங்கல் சூளை, ஆலை என்று பல இடங்களில் வெப்பத்தை அளந்து, அதை உழைப்பவர்களின் உடல்நிலையோடு ஒப்பிட்டு ஆண்டுக்கணக்காக ஆய்வு செய்துவருகிறது. கூரைக்குக் கீழே வேலை செய்பவர்களும் வெப்பத்துக்குத் தப்புவதில்லை என்பதை அந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

சுமை விஷயத்துக்கு வருவோம். நம் சிமென்ட் மூட்டை 50 கிலோ. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த தூக்குதல் சூத்திரத்தில், எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்கத்தக்க உச்ச எடை 23 கிலோ. சாதகம் என்றால் பொருள் உடலை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும், உடலை முறுக்கக் கூடாது, அடிக்கடி தூக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் 23 குறைந்துகொண்டே வரும். ஏன் இவ்வளவு கறார்? முதுகின் அமைப்புதான் காரணம். கையை நீட்டி, உடலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி 20 கிலோவைப் பிடித்தால், முதுகெலும்புக்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள தசைகள் அதைச் சமன்செய்ய 200 கிலோவுக்கு இழுக்க வேண்டும். நெம்புகோல் கணக்கு அவ்வளவுதான். இடுப்பு வட்டுகள் அந்த அழுத்தத்தை நாளுக்குப் பல நூறு முறை வாங்குகின்றன. நாற்பத்தைந்து வயதில் 'இடுப்பு விட்டுப்போச்சு' என்று வேலையை விடும் கொத்தனார்கள் ஊருக்கு ஊர் உண்டு.

ஆலையில் இது மாறுகிறது. வார்ப்பு மேசையை இடுப்பு உயரத்துக்கு அமைக்கலாம், தேவைப்பட்டால் சாய்க்கலாம். கம்பியை இயந்திரம் வளைக்கும்; வலையாகப் பற்றவைத்தும் வந்துவிடும். குனிந்தபடி நாள் முழுக்கக் கட்டுக்கம்பி முறுக்க வேண்டாம். தலைக்கு மேல் ஓடும் கிரேன் எடையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் மனையில் வேலை செய்பவர் காலையில் செங்கல் எடுத்து, மதியம் பூசி, மாலையில் சாரம் நகர்த்துவார். தசைகள் முறை மாற்றி உழைக்கும். ஆலையிலோ ஒருவருக்கு ஒரு நிலையம், ஒரு செயல். ஒரே திருகலை ஒரே தோள் நாளெல்லாம் செய்கிறது. பெரிய சுமையின் காயம் போய், சிறு அசைவின் திரும்பத்திரும்ப வரும் தேய்மானம் அந்த இடத்தைப் பிடிக்கிறது. வேலையைச் சுழற்சி முறையில் மாற்றிக் கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம். ஒருவரைப் பல வேலைகளில் பயிற்றுவிக்கச் செலவாகும் என்பதால் இது பெரும்பாலும் தவிர்க்கப்படுவதில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் காற்றுக் குமிழி தங்காமலிருக்க அதை அதிரவைப்பார்கள். அதிர்வு மேசையின் இரைச்சல் 100 டெசிபல் வரை போகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது பொதுவான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியாற்றல் இரட்டிப்பாகும். அப்படியென்றால் 100 டெசிபலில் அனுமதிக்கத்தக்க நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம். மூடிய கூடத்தில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் ஆலை திறந்த மனையைவிட மோசமாகவே இருக்க முடியும். 1980-களின் கடைசியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹஜிமே ஒகமுரா ஒரு கான்கிரீட்டை வடிவமைத்தார். அச்சில் ஊற்றினால் தானே பரவி, மூலை முடுக்கெல்லாம் நிறைந்து, அதிர்வே இல்லாமல் அடர்ந்துகொள்ளும். திறமையான ஆட்கள் குறைந்துபோனதால் கட்டடங்களின் தரம் கெடுகிறதே என்ற கவலையில் பிறந்த கண்டுபிடிப்பு அது. தொழிலாளியின் காதும் கையும் பிழைத்தது உபரிப் பலன். ப்ரீகாஸ்ட் எனப்படும் முன்வார்ப்பு ஆலைகள் அதை விரும்பி ஏற்றன. விலை கூடுதல் என்பதால் எல்லா ஆலைகளும் ஏற்கவில்லை.

தூசி விஷயம் இரண்டு பக்கமும் வெட்டும். கான்கிரீட்டை அறுத்தாலும் தேய்த்தாலும் சிலிக்கா துகள் பறக்கும். சில மைக்ரான் அளவே உள்ள துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை போய்விடும். அவற்றை விழுங்க வரும் உடலின் காவல் செல்கள் செத்து, அந்த இடம் தழும்பாகும். சிலிக்கோசிஸ் என்னும் இந்த நோய்க்கு மருந்தில்லை. அமெரிக்கா 2016-இல் வகுத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். பத்து மாடியில் ஆங்காங்கே துளையிடும் மனையில் தூசியைப் பிடிப்பது கடினம். ஆலையில் அறுக்கும் இடம் நிலையானது. அங்கேயே உறிஞ்சும் குழாய் வைக்கலாம், தண்ணீர் தெளிக்கலாம். வைக்காவிட்டால் திறந்தவெளியில் காற்று கொண்டுபோயிருக்கும் தூசி கூடத்துக்குள்ளேயே சுற்றும்.

இதுவரை உடம்பு. நலம் என்ற சொல்லுக்குள் மனமும் அடங்கும். கட்டுமானத் தொழிலாளர்களின் மனநிலையைப் பற்றி உலகம் தாமதமாகத்தான் கவனிக்கத் தொடங்கியது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை நடந்த தற்கொலைகளைத் தொழில் வாரியாகப் பிரித்துப் பார்த்தது. கட்டட வேலையில் உள்ள ஆண் கூலித் தொழிலாளர்களின் தற்கொலை அபாயம், அந்நாட்டு ஆண்களின் சராசரியைப் போல மூன்று மடங்கு. அமெரிக்காவின் கணக்குகளிலும் இந்தத் தொழில் முன்வரிசையில்தான். காரணம் ஒன்றல்ல. இன்று வேலை, அடுத்த மாதம் என்னவென்று தெரியாத நிலை. குடும்பத்தைவிட்டு ஊர் ஊராக அலைதல். தீராத முதுகுவலி, அதை மறக்கக் குடி. வலியை வெளியே சொன்னால் இளக்காரம் என்கிற ஆண்கள் கூட்டத்தின் எழுதப்படாத சட்டம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஆலைக் கட்டுமானம் வரமாகத் தெரியும். ஆலை நகராது. அதைச் சுற்றி வீடு எடுக்கலாம், பிள்ளைகளை ஒரே பள்ளியில் படிக்கவைக்கலாம், இரவு வீட்டில் தூங்கலாம். சுவீடனில் தனி வீடுகளில் மிகப் பெரும்பாலானவை ஆலையில் செய்த மரச்சுவர்களால் எழுபவை. வட சுவீடனின் நீண்ட பனிக்காலத்தில், சூடேற்றிய கூடத்துக்குள் நின்று, மாதச் சம்பளத்துக்கு வீடு செய்கிறார்கள். கட்டட வேலை என்ற சொல் நமக்குத் தரும் சித்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் மனநலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1979-இல் ராபர்ட் காராசெக் என்ற ஆய்வாளர் அமெரிக்க, சுவீடியத் தொழிலாளர்களின் தரவுகளை வைத்து ஒன்றைக் காட்டினார். வேலைப் பளு மட்டும் மனிதனை முறிப்பதில்லை. பளு கூடுதலாக இருந்து, வேலையை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருக்கும்போதுதான் மன அழுத்தம் கடுமையாகிறது. ஒரு மேஸ்திரியை எண்ணிப் பாருங்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் அவர் கையில். கலவை பதமா என்று கரணையால் ஒரு புரட்டு புரட்டியே சொல்லிவிடுவார். மழை வரும்போல இருந்தால் இன்று வெளிப்பூச்சு வேண்டாம், உள்வேலை பார்க்கலாம் என்று அவரே தீர்மானிப்பார். டீ எப்போது குடிப்பது என்பதும் ஓரளவு அவர் முடிவுதான். ஆலையில் அந்த முடிவுகள் எல்லாம் வரைபடத்துக்கும் கணினிக்கும் போய்விட்டன. ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை நிமிடம் என்று ஒதுக்கீடு. ஒருவர் தாமதித்தால் வரிசையே நிற்கும். இருபதாண்டு கொத்தனாரும் ஆறு மாதப் பயிற்சி முடித்த இளைஞரும் ஒரே திருகாணியை ஒரே விதத்தில் முடுக்குகிறார்கள். உடம்புக்குச் சுகம், தொழிலுக்கு இழிவு என்று ஒரு மூத்த கொத்தனார் நினைத்தால் அவரைத் தவறு சொல்ல மாட்டேன்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. வால்வோ கார் நிறுவனம் 1974-இல் கால்மார் நகரில் திறந்த ஆலையில் ஓடும் வரிசையையே எடுத்துவிட்டு, சிறு குழுக்களிடம் காரின் ஒவ்வொரு பகுதியை முழுதாக ஒப்படைத்தது. இருபது ஆண்டுகள் ஓடியபின் அது மூடப்பட்டது என்பதும் உண்மை. அறைப்பெட்டி காரைவிடப் பெரியது, மெதுவாக நகர்வது. ஒரு குழு ஓர் அறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்வதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. அப்படி வேலையைப் பிரிப்பதா, திருகாணி திருகாணியாகப் பிரிப்பதா என்பதைத் தீர்மானிப்பது நிர்வாகம்.

நிலையான வேலை என்ற வாக்குறுதிக்கும் ஒரு விரிசல் உண்டு. ஆலைக்கு வாடகை, இயந்திரக் கடன், சம்பளம் எல்லாம் மாதம் தவறாமல் ஓடும். வீட்டுச் சந்தை அப்படி ஓடாது. பிரிட்டனில் வடக்கு யார்க்‌ஷயரில் ஆலை வைத்திருந்த இல்க் ஹோம்ஸ் 2023 ஜூன் மாதம் திவாலாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அமெரிக்காவின் கட்டெரா பெரும் முதலீட்டைத் திரட்டியும் 2021-இல் அதே முடிவுக்கு வந்தது. மனைக் கொத்தனாருக்கு ஒரு மேஸ்திரி போனால் இன்னொரு மேஸ்திரி. ஆலை மூடினால் ஊரே ஒரே நாளில் வேலையிழக்கும். அங்கே கற்ற பாதித் திறமைக்கு வெளியில் வேலையும் இருக்காது.

மனையில் ஆபத்து முற்றிலும் போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கான்கிரீட் அறைப்பெட்டி 20 டன்னைத் தாண்டும். அதை நூறு மீட்டர் உயரத்துக்குக் கிரேனில் ஏற்றி, காற்றில் ஆடாமல் பிடித்து, சில மில்லிமீட்டர் பிசகாமல் இறக்க வேண்டும். கீழே நின்று கொக்கி மாட்டும் ரிக்கருக்கும் மேலே நின்று வழிகாட்டும் சிக்னல்மேனுக்கும் பிழைக்கு இடமே இல்லை. சிறு விபத்துகள் குறைகின்றன. நேர்ந்தால் நேர்வது பெரிது. 1987 ஏப்ரலில் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில், தரையிலேயே வார்த்த தளங்களை ஜாக்கியால் உயர்த்திக்கொண்டிருந்த 'லாம்பியான்ஸ் பிளாசா' சரிந்து 28 தொழிலாளர்கள் இறந்தார்கள். உயரத்தில் வார்ப்பதைத் தவிர்க்க வந்த முறைதான் அதுவும். கனமான பகுதிகள் முழுமையாகப் பிணைக்கப்படும் வரையான அந்த இடைவெளி நேரம்தான் எப்போதும் கண்டம்.

இப்போது மீண்டும் சிங்கப்பூர். நாற்பது ஆண்டுகளாக ஆலை வார்ப்பைப் பழகிய நாடு. அங்கே 2023-இல் வேலையிட மரணங்கள் 36 ஆகக் குறைந்தன. லட்சம் தொழிலாளருக்கு ஒன்றுக்கும் கீழே. 2024-இல் 43 ஆக ஏறின. அதில் 20 கட்டுமானத்தில். உலகின் பல நாடுகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனாலும் தொழில்நுட்பம் ஒன்றே கோட்டைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடவில்லை. அதோடு, செனாயில் நடக்கும் வார்ப்பு வேலையில் ஒருவருக்கு அடிபட்டால் அது மலேசியாவின் கணக்கு. கட்டடம் சிங்கப்பூரில், காயம் ஜொகூரில். ஆலையையும் மனையையும் சேர்த்துக் கூட்டாமல் 'விபத்து குறைந்தது' என்று சொல்வது பாதிக் கணக்குதான்.

கூரை எதைத் தொடவே இல்லை என்பதும் அங்கே தெளிவாகத் தெரிகிறது. துவாஸ் ஆலையில் வேலை முடித்தாலும் தமிழ்நாட்டுத் தொழிலாளி திரும்புவது விடுதிக்குத்தான். ஓர் அறையில் பலர், அடுக்குக் கட்டில், பொதுச் சமையல். சரக்கு லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வதும் அங்கே இன்னும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. கொரோனா ஆண்டில், விடுதிகளில் இருந்த தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததை அரசே 2020 டிசம்பரில் அறிவித்தது. ஏஜென்டுக்குக் கட்டிய கடன் அடையும் வரை முதலாளியை எதிர்த்துப் பேச முடியாது என்ற நிலையும் ஆலைக்குள் வந்ததால் மாறுவதில்லை. உயரமும் வெயிலும் சுமையும் இடத்தின் ஆபத்துகள். இடம் மாறினால் அவை குறையும். கடன், ஒப்பந்தம், உறங்குமிடம், வேலையின் வேகம் ஆகியவை ஏற்பாட்டின் ஆபத்துகள். அவற்றை எந்தக் கிரேனும் தூக்கிப் போகாது.

தமிழ்நாட்டிலும் இது தொடங்கிவிட்டது. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில், ப்ரீகாஸ்ட் முறையில் 12 தொகுதிகளாக 1,152 வீடுகள் எழுந்து 2022 மே மாதம் திறக்கப்பட்டன. மெட்ரோ ரயில் தூண்களுக்கு மேல் போகும் பாலத்துண்டுகள் எல்லாம் வார்ப்பு முற்றங்களிலிருந்து வருபவைதான். இங்கே முதலில் கேட்க வேண்டியது சித்தாள்களைப் பற்றி. தளம் போடும் நாளில் ஏணி வரிசையில் நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிய பெண்களை ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் வந்தபின் பெருநகரங்களில் அதிகம் காண முடிவதில்லை. தலைச்சுமை போனது நல்லது. சும்மாட்டுக்கு யாரும் ஏங்க வேண்டாம். ஆனால் இருபதாண்டு சித்தாளாக இருந்தவருக்குக் கரணையே கைக்கு வந்ததில்லை. இயந்திர நிலையத்துக்கு மட்டும் யார் கூப்பிடப் போகிறார்கள்? இத்தனைக்கும் தசைவலிமையை அவ்வளவாகக் கேட்காத ஆலை வேலை, பெண்களுக்குச் சம கூலியோடு திறந்துவிடத்தக்க முதல் கட்டட வேலை. கழிப்பறையும் உடை மாற்ற இடமும் நிலையாக இருக்கக்கூடிய இடமும் அதுதான்.

அடுத்தது சட்டம். 1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம், கட்டடப் பணி எது என்று வரையறுக்கும்போதே, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும் வேலைகளை விலக்கிவிட்டது. இவற்றுக்குப் பதிலாக இயற்றப்பட்ட புதிய தொகுப்புச் சட்டத்திலும் தொழிற்சாலை வேறு, கட்டடப் பணி வேறு என்றே வரையறை. நேற்று வரை மனையில் கம்பி கட்டியவர் இன்று ஆலைக்குள் அதே கம்பியைக் கட்டினால், அவர் எந்தப் பக்கம்? நிரந்தரத் தொழிலாளியாகச் சேர்ந்தால் வைப்புநிதி, ஈஎஸ்ஐ மருத்துவம், வேலை நேர வரம்பு என்று முன்னைவிட நல்ல பாதுகாப்பு கிடைக்கும். ஒப்பந்தக்காரரின் ஆளாக, ஆறு மாதம் ஆலையிலும் ஆறு மாதம் மனையிலும் இருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழ வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் 1994 முதல் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டைதான் பலருக்குப் பிள்ளையின் படிப்பு உதவிக்கும் ஓய்வூதியத்துக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் ஆதாரம். அது கைநழுவக் கூடாது.

ஆலைக் கட்டுமானம் வரட்டும். உயரத்திலிருந்து ஆளை இறக்குவது ஒன்றுக்காகவே அதை வரவேற்கலாம். ஆனால் அரசு தன் ப்ரீகாஸ்ட் வேலைகளுக்கு டெண்டர் விடும்போது மூன்று நிபந்தனைகளை எழுத வேண்டும். வார்ப்பு முற்றத்தில் வேலை செய்பவரின் நல வாரியப் பதிவு தொடர வேண்டும். முற்றம், சாலை, மனை மூன்றிலும் நடக்கும் விபத்துகள் ஒரே கணக்கில் வெளியிடப்பட வேண்டும். இயந்திர நிலையங்களுக்கான பயிற்சியில் சித்தாள்களுக்கு முதலிடம் தரப்பட வேண்டும். வீட்டு வசதித் துறையும் தொழிலாளர் நலத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த டெண்டரிலேயே இதைச் செய்துவிடலாம்.